பெரிய டாம், சின்ன டாம், கொஞ்சம் முயல்கள்: செயின்ட் ஆண்ட்ரூஸ் கேள்வி பதில்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரையும் அங்குள்ள ஓல்டு கோர்ஸ் கோல்ஃப் மைதானத்தையும் பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள். மட்டை பிடிப்பதில் நான் சுமார்தான். கதை சொல்வதில் பரவாயில்லை.

கேள்வி: கோல்ஃபில் ஏன் 18 குழிகள்? ஒரு விஸ்கி பாட்டிலில் 18 மடக்கு இருக்குமாம், அதனால்தான் என்று நண்பர் சொல்கிறார்.

நண்பர் பாட்டிலை அளந்து பார்த்திருக்க மாட்டார். (குழி என்றால் பந்து விழும் துளை மட்டுமல்ல, முதல் அடியிலிருந்து அதுவரை உள்ள ஆட்டப்பாதையும்தான்.) செயின்ட் ஆண்ட்ரூஸில் கடலோரமாகப் பதினொரு குழிகள் போய், அதே குழிகள் வழியாகத் திரும்புவார்கள். ஆக ஒரு சுற்றுக்கு 22. 1764இல், தொடக்கத்தில் இருந்த நான்கு குறுகிய குழிகளை இணைத்து இரண்டாக்கினார்கள். போக ஒன்பது, வர ஒன்பது என்று கணக்கு 18 ஆனது. மற்ற ஊர்கள் பிற்பாடு இதைப் பார்த்து எழுதிக்கொண்டன. ஓபன் என்னும் பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டி 1860இல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் ஊரில் முதன்முதலாக நடந்தபோதுகூட அந்த மைதானத்தில் 12 குழிகள்தாம்.

கேள்வி: என்னதான் சொன்னாலும் இது பணக்காரர் விளையாட்டு. சாதாரண மனிதனை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சரிதானே ஐயா?

உலகின் பல மைதானங்களுக்குச் சரி. ஓல்டு கோர்ஸுக்குச் சரியில்லை. அது ஊர்ப் பொதுநிலம், நம் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி. ஆடுகள் மேய்ந்த மணல்மேடு அது. காற்றுக்கு ஒதுங்கி அவை படுத்துப் படுத்துக் குழித்த பள்ளங்கள்தாம் பந்தைச் சிக்கவைக்கும் மணற்குழிகளாக மாறின என்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகை விலையில் ஆண்டுச் சீட்டு உண்டு. வெளியூர்க்காரர் கட்டணம் கட்ட வேண்டும், அது குறைவில்லை. பெயர் கொடுத்தால் குலுக்கலில் இடம் விழலாம். ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டமே கிடையாது. அன்று யார் வேண்டுமானாலும் நாயைக் கூட்டிக்கொண்டு புல்வெளியில் உலாவலாம்.

இந்த நிலமும் ஒருமுறை கைநழுவியது. 1797இல் கடனில் மூழ்கிய நகர மன்றம் அதைக் கைமாற்றியது. வாங்கியவர்கள் முயல் வளர்த்தார்கள். நிலமெல்லாம் வளை. ஊர்க்காரர்கள் முயலை அடிக்க, வளர்த்தவர்கள் தடுக்க, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற அக்கம்பக்கத்து நிலக்கிழார் இடத்தை வாங்கி விளையாட்டைக் காப்பாற்றினார். 1894இல் நிலம் மீண்டும் ஊரின் கைக்கு வந்தது. (பழம்பெருமை பேசுவதால் எல்லாவற்றையும் மெச்சுகிறேன் என்று எண்ண வேண்டாம். அங்கே தலைமையகம் வைத்திருக்கும் ஆர் அண்ட் ஏ (ராயல் அண்ட் ஏன்ஷியன்ட்) கோல்ஃப் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்க 2014 வரை காத்திருந்தது.)

கேள்வி: டாம் மாரிஸ் என்ற பெயரில் இரண்டு பேர் வருகிறார்கள். குழப்பமாக இருக்கிறது.

தந்தையும் மகனும். பெரிய டாம், சின்ன டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய டாம் பிறந்தது முயல் தொல்லை தீர்ந்த அதே 1821இல். நெசவாளியின் மகன். ஆலன் ராபர்ட்சனிடம் பந்து செய்யும் தொழில் கற்றார். தொப்பி நிறைய இறகை ஒரு சிறு தோல்பைக்குள் திணித்துத் தைக்கும் வேலை அது, நெஞ்சு நோகும். அப்போது மலாய் நாட்டு மரப்பாலில் செய்த மலிவான பந்து சந்தைக்கு வந்தது. டாம் ஒருநாள் அதை வைத்து ஆடியது தெரிந்ததும் முதலாளிக்குக் கோபம். இருவரும் பிரிந்தார்கள். 1851இல் டாம் பிரெஸ்ட்விக் போய், பிறகு பிறந்த ஊருக்கே மைதானக் காப்பாளராகத் திரும்பினார். புல்லுக்கு மணல் தூவினால் அது செழிக்கும் என்று கண்டு, ஓயாமல் தூவச் செய்தவர் அவர். ஓபனை நான்கு முறை வென்றார். 1867இல் வென்றபோது வயது 46. அந்த மூப்பை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

அடுத்த ஆண்டே மகன் வென்றான், 17 வயதில். அந்த இளமையையும் யாரும் தாண்டவில்லை. 1868, 69, 70 என்று மூன்று முறை தொடர்ந்து வென்றதால் பரிசாக இருந்த பெல்ட் அவனுக்கே சொந்தமாகிவிட்டது. கொடுக்கப் பரிசில்லாமல் 1871இல் போட்டியே நடக்கவில்லை! 1872இலும் அவன்தான். புதிதாகச் செய்த வெள்ளிக் கூஜாவில் பொறித்த முதல் பெயர் அவனுடையது.

1875 செப்டம்பரில் தந்தையும் மகனும் நார்த் பெர்விக்கில் ஆடிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. மகனின் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகியிருந்தது. படகில் கடற்கழியைக் கடந்து விரைந்தார்கள். வீடு சேர்வதற்குள் தாயும் இல்லை, சேயும் இல்லை. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று சின்ன டாமும் இறந்தார். வயது 24.

பெரியவர் 1908 வரை இருந்தார், பெற்ற பிள்ளைகள் அனைவரையும் புதைத்துவிட்டு. தினமும் மைதானத்துக்குப் போனார். பதினெட்டாம் குழிக்கு இன்று அவர் பெயர்.

கேள்வி: பாபி ஜோன்ஸ் கோபக்காரராமே?

அந்த அமெரிக்க கோல்ஃப் வீரர் இளமையில் அப்படித்தான். 1921 ஓபனில், 19 வயதில், ஓல்டு கோர்ஸின் பதினொன்றாம் குழியருகே மணலில் சிக்கி, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்டத்தைக் கைவிட்டார். ஊர் அதை மறந்திருக்கலாம், அவர் மறக்கவில்லை. 1927இல் அங்கேயே ஓபனை வென்று, கோப்பை அந்த ஊரிலேயே இருக்கட்டும் என்றார். 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்றபோது, முதலாவதான பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் கிடைத்ததும் அங்கேதான். தொழிலோ வக்கீல், கடைசிவரை பணத்துக்காகப் போட்டியில் ஆடவில்லை. முதுகுத்தண்டு நோயால் நடை தளர்ந்திருந்த 1958இல் ஊர் அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது. அமெரிக்கர்களில் அதற்கு முன் பெற்றவர் பெஞ்சமின் பிராங்க்ளின்.

கேள்வி: பதினேழாம் குழி அவ்வளவு கடினமா?

ஜப்பானின் டாமி நகாஜிமாவைக் கேட்டால் தெரியும். 1978இல் இரண்டே அடியில் துளையைச் சுற்றியுள்ள புல்தளத்துக்கு வந்துவிட்டார். மூன்றாவதாக மெல்லத் தட்டிய பந்து சரிந்து உருண்டு மணற்குழியில் விழுந்தது. வெளியே எடுக்க நான்கு அடி. நான்கில் முடிக்க வேண்டிய குழியை ஒன்பதில் முடித்தார்.