இஸ்தான்புலைச் சுற்றிப் பார்க்க வழிகாட்டி தேவையா?

இஸ்தான்புலில் ஒரே நாள்தான் இருக்கிறது, வழிகாட்டி வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஹாகியா சோபியாவுக்கு மட்டுமாவது கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். 537இல் தேவாலயமாகத் திறந்து, 1453இல் மசூதியாகி, நடுவில் அருங்காட்சியகமாக இருந்து, 2020இல் மறுபடியும் மசூதியான கட்டடம் அது. மேல்மாடத்துப் பளிங்குக் கைப்பிடிச் சுவரில் வைக்கிங் (வட ஐரோப்பியக் கடலோடி வீரன்) ஒருவன் கீறிய எழுத்துகள் இருக்கின்றன. யாராவது விரல் நீட்டிக் காட்டாவிட்டால், ஏதோ கீறல் என்று கடந்துவிடுவீர்கள்.

அப்புறம், பக்கத்திலேயே பழைய நிலத்தடி நீர்த்தேக்கம். 336 தூண்கள். ஒரு மூலையில் இரண்டு தூண்களுக்கு அடியில், கிரேக்கப் புராணத்தில் பாம்புக் கூந்தலோடு வரும் மெடூசாவின் தலைகள்: ஒன்று பக்கவாட்டில், மற்றது தலைகீழாக. இதைத் தனியாகவே நிதானமாகப் பார்க்கலாம்.

டோப்காப்பி அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை. வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தில் மசூதிகளைச் சுற்றிப் பார்க்க முடியாது. கிழமை பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.