சைட்டில் வாயைத் திறக்கும் முன், தம்பி

கோவையில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு லண்டனில் ஒரு சின்ன ஆபீஸில் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் வரிசையாகக் கேட்டிருக்கிறார். வாடகை எங்கே குறைவு? குளிருக்கு என்ன வாங்குவது? நம்ம சாப்பாடு கிடைக்குமா? ஆர்க்கிடெக்ட் என்று கார்டு அடித்துக்கொள்ளலாமா? கடைசியாக, அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூட எக்ஸ்டென்ஷனுக்கு கான்ட்ராக்ட் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது கிளையன்ட்டுக்கும் கான்ட்ராக்டருக்கும் நடுவே கட்டட ஒப்பந்தத்தை நடத்திக் கொடுக்கும் வேலை, பார்க்கச் சொல்கிறார்களாம். "ஊரில் ரன்னிங் பில் செக் பண்ணிக் கையெழுத்துப் போடுவோமே, அதுதானே அண்ணா?"

வாடகை எல்லா இடத்திலும் அழுகைதான். சாப்பாட்டுக்கு ஈஸ்ட் ஹாம், வெம்ப்ளி. குளிருக்கு நல்ல ஷூ, மற்றது தானாகப் பழகிவிடும். கார்டு அடிக்காதீர்கள். 1997 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி ஏ.ஆர்.பி. (ஆர்க்கிடெக்ட்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் போர்டு) பதிவேட்டில் பெயர் ஏறும்வரை தொழிலில் அந்தப் பட்டத்தை நீங்கள் போட்டுக்கொள்ள முடியாது. வேடிக்கை என்னவென்றால், கான்ட்ராக்ட் அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்க அந்தப் பதிவு தேவையில்லை. இங்கே கட்டட வேலைக்குப் பரவலாகப் பயன்படும் அச்சு ஒப்பந்தமான ஜே.சி.டி.யில் 'ஆர்க்கிடெக்ட்', 'கான்ட்ராக்ட் அட்மினிஸ்ட்ரேட்டர்' இரண்டு பெயரையும் சாய்கோடு போட்டு அச்சடித்திருப்பது அதனால்தான்.

இனி அந்தக் கடைசிக் கேள்வி. இல்லை, அது இல்லை. நம்மில் முக்கால்வாசிப் பேர் அதே நினைப்போடுதான் இங்கே வந்து இறங்கினோம், அடியும் வாங்கினோம்.

கிளையன்ட் சம்பளம் கொடுத்தாலும், சர்டிபிகேட் (இவ்வளவு பணம் கட்ட வேண்டும், இந்த நாளில் வேலை முடிந்தது என்று எழுதித் தரும் சான்று) எழுதும்போது நீங்கள் அவர் ஆள் இல்லை. கான்ட்ராக்டருக்கு இன்ஸ்ட்ரக்ஷன் கொடுக்கும்போது அவர் சார்பில் பேசுகிறீர்கள். பணத்தையும் நாளையும் தீர்மானிக்கும்போது இரண்டு பக்கத்துக்கும் நியாயமாக நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஆர்க்கிடெக்ட் ஒரு மத்தியஸ்தர் மாதிரி, அவர்மேல் வழக்குப் போட முடியாது என்ற எண்ணம் 1901-லிருந்து ஓடிக்கொண்டிருந்தது. 1974-ல் சட்கிளிஃப் எதிர் தாக்ரா வழக்கில், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை உடைத்தது. ஆர்க்கிடெக்ட் அளவுக்கு மீறி சர்டிஃபை செய்திருந்தார், பில்டர் திவால், பணம் திரும்பவில்லை. நஷ்டம் ஆர்க்கிடெக்ட் தலையில் விழுந்தது. சரியில்லாத வேலையை, அளந்து விலை போடும் குவான்டிட்டி சர்வேயரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் அவர் அதையும் சேர்த்துத்தான் மதிப்புப் போடுவார். சொல்ல வேண்டியது உங்கள் வேலை.

நாள் கணக்கைப் பாருங்கள். ஜே.சி.டி. ஸ்டாண்டர்ட் கான்ட்ராக்ட், 2016 பதிப்பு. வேல்யுவேஷன் தேதி, அதாவது அதுவரை முடிந்த வேலைக்கு மதிப்புப் போடும் நாள், மார்ச் 3 என்றால், பணம் 'டியூ' ஆவது 7 நாள் கழித்து, மார்ச் 10. அதிலிருந்து 5 நாளுக்குள், மார்ச் 15-க்குள், உங்கள் சர்டிபிகேட் போய்ச் சேர வேண்டும். பணம் கட்டக் கடைசி நாள் மார்ச் 24. கிளையன்ட் குறைத்துக் கொடுக்க நினைத்தால் அதற்கு 5 நாள் முன்னால், அதாவது 19-க்குள், தொகையும் காரணமும் எழுதி 'பே லெஸ்' நோட்டீஸ் தர வேண்டும்.

தொகை இப்படி: இதுவரை முடிந்த வேலையும் சைட்டில் இறங்கிய சாமானும் சேர்த்து 1,80,000 பவுண்டு. ரிட்டென்ஷன், குறை வந்தால் கைகொடுக்கக் கிளையன்ட் பிடித்து வைக்கும் பணம், 3 சதவீதம், 5,400. மீதி 1,74,600. முன்பு சர்டிஃபை செய்தது 1,31,000. இந்த மாதம் 43,600, வாட் தனி. இந்தக் கணக்கில் யாரும் தவறுவதில்லை. தவறுவது தேதியில். நீங்கள் சர்டிபிகேட்டைக் கோட்டைவிட்டு, கிளையன்ட்டும் நோட்டீஸ் தராமல் இருந்தால், கான்ட்ராக்டர் பணம் கேட்டு அனுப்பிய விண்ணப்பத்தில் எழுதிய தொகையே கட்ட வேண்டிய தொகையாகிவிடும். அவர் கோர்ட்டுக்குப் போகாமல் தகராறைச் சீக்கிரம் தீர்க்கும் அட்ஜுடிகேட்டரிடம் போனால் சாதாரணமாக 28 நாளில் தீர்ப்பு. வேலை அந்த மதிப்புக்கு இருந்ததா என்ற பேச்சே அங்கே எடுபடாது. முதலில் கட்டு, பிறகு வாதாடு. இருபது வருடம் இங்கே இருந்தும் "திங்கட்கிழமை அனுப்பிவிட்டு முந்தின வெள்ளிக்கிழமை தேதி போட்டால் போச்சு" என்கிற நம்மவர்கள் சிலர் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். மெயிலில் நேரம் பதிவாகியிருக்கும்.

அடுத்தது வாய். ஊரில் "மேஸ்திரி, அந்த ஜன்னலை ஒரு சாண் தள்ளி வைங்க" என்போம், வேலை முடிந்தது. இங்கே வாய்வார்த்தை அந்த நிமிடத்தில் செல்லாது. ஆனால் கான்ட்ராக்டர் 7 நாளுக்குள் "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று எழுதி அனுப்ப, நீங்கள் அடுத்த 7 நாள் பேசாமல் இருந்தால், அது முழு இன்ஸ்ட்ரக்ஷன். ஜன்னல் நகர்ந்தால் லின்டல் நீளும், பிளக் பாயின்ட் மாறும், அதற்குப் பணம், சில சமயம் நாளும். ஆகவே சைட்டில் பார்த்ததை நோட்டில் எழுதுங்கள், ஆபீஸுக்கு வந்து நம்பர் போட்ட இன்ஸ்ட்ரக்ஷனாக அன்றைக்கே அனுப்புங்கள். சைட்டில் ஃபோர்மன் டீ கொடுத்துக்கொண்டே கேட்கும் கேள்விகளுக்கு "பார்த்து எழுதுகிறேன்" என்ற ஒரே பதில் போதும். முதல் மாதம் மரியாதைக் குறைவாகத் தோன்றும். பிறகு அவர்களே அதைத்தான் மதிப்பார்கள்.

வேலை மோசமாக இருந்தால் "இது சரியில்லை" என்று எழுதுவது போதாது. எதை அகற்ற வேண்டும் என்று இன்ஸ்ட்ரக்ஷன் சொல்ல வேண்டும். மூடிய சுவருக்குள் இன்சுலேஷன் ஒழுங்காக இருக்கிறதா என்று சந்தேகம் வந்து உடைக்கச் சொன்னீர்கள், உள்ளே எல்லாம் சரியாக இருந்தது என்றால், உடைத்த செலவும் பூசிய செலவும் கிளையன்ட் தலையில். கேவிட்டி டிரே (சுவருக்குள் இறங்கும் தண்ணீரை வெளியே திருப்புவது), ஃபயர் பேரியர் (சுவருக்குள் தீ பரவாமல் தடுப்பது) இரண்டையும் மூடுவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள் என்று சொல்வது அதற்காக. கூடவே ஒன்று: ஸ்பெசிஃபிகேஷனில் 'ஆர்க்கிடெக்ட்டின் திருப்திக்கு' என்று எழுதும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். எந்தச் சாமானுக்கு அப்படி எழுதுகிறீர்களோ, அதன் தரம் உங்களுக்குத் திருப்தி என்பதற்கு, கடைசியில் கணக்கு முடித்துத் தரும் ஃபைனல் சர்டிபிகேட்டே முடிவான சாட்சியாகிவிடும்.

நாள் நீட்டிப்பில்தான் உங்கள் மனசாட்சிக்கு வேலை. உங்கள் டிராயிங் தாமதமானால் அதுவும் கான்ட்ராக்டருக்கு நாள் கேட்கும் காரணம்தான். தன் தப்புக்குத் தானே நாள் எழுதிக் கொடுக்க வேண்டும், கிளையன்ட் முகத்தைப் பார்த்துக்கொண்டே. எழுதாமல் இழுப்பவர்களே அதிகம். 2016 பதிப்பில் தேவையான விவரம் கிடைத்ததிலிருந்து 12 வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், 2024 பதிப்பில் அது 8 வாரம். நாள் முடிந்தும் வேலை முடியாவிட்டால் நான்-கம்ப்ளீஷன் சர்டிபிகேட் கொடுத்தால்தான் கிளையன்ட் தாமத அபராதம் பிடிக்க வழி திறக்கும். அதற்குப் பிறகு நீங்கள் நாளை நீட்டினால் பழைய சர்டிபிகேட் ரத்து, புதிதாக இன்னொன்று கொடுக்க வேண்டும். இதை மறக்காத ஆபீஸை விரல் விட்டு எண்ணலாம்.

அடுத்து பிராக்டிகல் கம்ப்ளீஷன், அதாவது வேலை முடிந்தது என்று நீங்கள் தரும் சர்டிபிகேட். உங்கள் வேலையில் செப்டம்பரில் பள்ளி திறக்கிறது, தலைமையாசிரியர் "கொடுத்துவிடுங்களேன்" என்பார். கொடுத்த அந்த நாளில் ரிட்டென்ஷனில் பாதி கையைவிட்டுப் போகும், தாமத அபராதம் நிற்கும், வேலைக்கு கான்ட்ராக்டர் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அந்தப் பொறுப்பு கிளையன்ட் பக்கம் வரும், குறை தீர்க்கும் காலம் ஓட ஆரம்பிக்கும். 2019-ல் மியர்ஸ் எதிர் காஸ்ட்பிளான் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், கண்ணுக்குத் தெரியும் குறை அற்பமானதாக இல்லாவிட்டால் கம்ப்ளீஷனைத் தடுக்கும் என்றது. கதவுக் கைப்பிடியில் கீறல் அற்பம். தீ அலாரம் சோதித்து இயக்கத்துக்கு வராதது அற்பம் இல்லை. பில்டிங் கன்ட்ரோல் தரும் கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வேறு, உங்களுடையது வேறு. ஒன்றைக் காட்டி மற்றதைக் கேட்பார்கள்.

முன்பெல்லாம் இன்ஸ்ட்ரக்ஷன் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்து எழுதுவார்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், சைட் கேபின் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் விறைக்க அழுத்தி எழுதினால்தான் கடைசிப் பிரதியில் எழுத்து தெரியும். இப்போது போனிலேயே முடிந்துவிடுகிறது. அதனால்தான் ஃபோர்மன் வாட்ஸ்அப்பில் கேட்பதற்குச் சரி என்று கட்டைவிரல் சின்னம் போடக் கை வருகிறது. போடாதீர்கள்.

குறை தீர்க்கும் காலம் ஒப்பந்தத்தில் எழுதியில்லை என்றால் 6 மாதம். அது முடிந்த 14 நாளுக்குள் குறைப் பட்டியல் கான்ட்ராக்டர் கையில் இருக்க வேண்டும். அந்தத் தேதியை இன்றைக்கே காலண்டரில் போட்டு, ஒரு மாதம் முன்னதாகவே பள்ளிக்கூடத்து கேர்டேக்கரிடம் எங்கெங்கே ஒழுகுகிறது என்று கேட்டு வையுங்கள்.