பழுப்பாய்க் கலங்கிய குடுவை

அன்புள்ள ஐயா,

ஒரு சிற்றூரின் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நீட் தேர்வில் மதிப்பெண் வரவில்லை. பொறியியலுக்குக் கட்ட வீட்டில் பணம் இல்லை. கிடைத்த இடத்தில் சேர்ந்தேன். வகுப்பில் 18 பேர். ஆய்வகத்தில் சரியாக வேலை செய்யும் தராசு ஒன்றுதான் இருக்கிறது. இப்போது பாடம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் நகரத்தில் படிக்கும் தோழி அவர்கள் கல்லூரிக் கருவிகளின் படங்களை அனுப்பும்போது மனம் சோர்ந்துபோகிறது. எங்கள் கல்லூரி மாதிரி ஓர் இடத்தில் படித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போக முடியுமா?

க.

அன்புள்ள க.,

போக முடியும். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் குறையாக எழுதிய ஒன்றையே நான் முதலில் பிடித்துக்கொள்கிறேன். வகுப்பில் 18 பேர் என்கிறீர்கள். அப்படியென்றால் திரவத்தைத் துளித்துளியாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட் உங்கள் கையில் இருக்கும். அறுபது பேர் படிக்கும் இடத்தில் நால்வருக்கு ஒரு பியூரெட் என்று பிரித்து, ஒருவர் திருக, ஒருவர் எழுத, மற்ற இருவர் வேடிக்கை பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். வேதியியல் கையாலும் கண்ணாலும் படிக்க வேண்டிய பாடம். தோழி அனுப்பும் படத்திலுள்ள கருவியை இளநிலை மாணவர்களைத் தொட விடுகிறார்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. நானும் உங்களைப்போல ஒரு சின்னக் கல்லூரியில்தான் படித்தேன். அங்கே மூத்த மாணவர்களின் ரெக்கார்டு நோட்டு கைமாறிக் கைமாறி வரும். அதில் இருக்கும் அளவீடுகளை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்குவோம். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் ஆக்ஸாலிக் அமிலத்தையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையும் வைத்து டைட்ரேஷன் செய்தோம். ஒன்றில் மற்றொன்றைத் துளித்துளியாக விட்டு, நிறம் மாறி நிலைக்கும்வரை எவ்வளவு செலவாகிறது என்று அளக்கும் சோதனை அது. எல்லோருக்கும் 19.8 மி.லி. வந்தது. எனக்கு 21ஐயும் தாண்டிப் போனது. குடுவையில் இளஞ்சிவப்பு வருவதற்குப் பதிலாகப் பழுப்பாய் ஒரு கலங்கல். பக்கத்து மேசையை எட்டிப் பார்த்துவிட்டு 19.8 என்று எழுதினேன். ஆசிரியர் பாராட்டினார். கலங்கலைத் தொட்டியில் ஊற்றிக் கழுவினேன்.

அந்தப் பழுப்பு என்னவென்று பின்னர் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான் கந்தக அமிலத்தைக் குறைவாகச் சேர்த்திருந்தேன். அமிலம் போதிய அளவு இருந்தால் பெர்மாங்கனேட் ஐந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு நிறமற்ற மாங்கனீசு அயனியாகிவிடும். அமிலம் போதாதபோது அதில் ஒரு பகுதி மூன்று எலக்ட்ரான்களோடு நின்று, பழுப்பு நிற மாங்கனீசு டை ஆக்சைடாகிவிடும். ஒரு மூலக்கூறு வாங்குவது குறைந்தால், அதே வேலைக்குக் கூடுதல் மூலக்கூறுகள் வேண்டும். அதனால்தான் என் பியூரெட் 21ஐத் தாண்டியது. அன்றைக்கு அந்த மேசைகளில் பாடம் நடந்தது என் குடுவையில் மட்டும். அதைத்தான் நான் கழுவிக் கொட்டினேன். இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அது எனக்கு வலிக்கிறது.

ஆகவே உங்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். கண்ணுக்குத் தெரிந்த அளவை எழுதுங்கள், தேதியோடு எழுதுங்கள். ரெக்கார்டு நோட்டில் அதற்கு இடம் தராவிட்டால் சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேதிக்கு என்ன மதிப்பு என்று தோன்றலாம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஓபர்லின் என்று ஒரு சிறிய கல்லூரி இருக்கிறது. அங்கே படித்த சார்லஸ் மார்ட்டின் ஹால், பட்டம் பெற்ற மறு ஆண்டு, வீட்டு விறகுக் கொட்டகையில் தானே செய்த மின்கலங்களை வைத்துக்கொண்டு, உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடைக் கரைத்து மின்சாரம் செலுத்தி அலுமினியம் எடுத்தார். அன்று 1886 பிப்ரவரி 23, அவருக்கு வயது 22. அலுமினியத்தில் அவருக்கு ஆசையை ஊட்டியவர் அந்தக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஃபிராங்க் ஜூவெட். அதே ஆண்டு பிரான்சில் பால் எரூ என்பவரும் தனியாக அதே வழியைக் கண்டுபிடித்தார். அமெரிக்கக் காப்புரிமைக்கு அவர் ஹாலுக்கு முன்பே விண்ணப்பித்துவிட்டார். ஆனால் ஹால் தன் அண்ணனுக்கு எழுதிய தேதியிட்ட கடிதங்களும், அதே கல்லூரியில் வேதியியல் படித்த அக்கா ஜூலியாவின் சாட்சியமும் பிப்ரவரி 23ஐ நிலைநாட்டின. காப்புரிமை ஹாலுக்குக் கிடைத்தது. நம் சமையலறைப் பாத்திரத்து அலுமினியம் இன்றும் அந்த முறையில்தான் எடுக்கப்படுகிறது.

ஆராய்ச்சிக்குப் போகும் வழியைப் பற்றிக் கேட்டீர்கள். ஐஐடிகள் நடத்தும் ஜாம் தேர்வு எழுதி எம்.எஸ்சி.க்குப் போகலாம். அந்தத் தேர்வு நீங்கள் எந்தக் கல்லூரி என்று கேட்பதில்லை. துணைப்பாடமாக வரும் கணிதத்தைத் தேர்ச்சிக்காக மட்டும் படிக்காதீர்கள். வினைவேகவியலிலும் குவாண்டம் வேதியியலிலும் நம் ஊர் மாணவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடை விடுமுறையில் ஆய்வகங்களில் பணிபுரிய மாணவர்களுக்கு உதவித்தொகை அளித்து வந்திருக்கின்றன, அதற்கு விண்ணப்பிப்பது பற்றி உங்கள் ஆசிரியரிடம் பேசுங்கள். காரைக்குடி பக்கம் போனால் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தின் வாசலையாவது பார்த்துவிட்டு வாருங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1953இல் அது ஒரு சிற்றூரில் திறக்கப்பட்டது. ஆராய்ச்சி பெருநகரங்களில் மட்டுமே நடக்கும் என்ற எண்ணம் அங்கே போனால் கரைந்துவிடும்.

அடுத்த வாரமே உங்கள் ஆய்வகத்தில் செய்து பார்க்கக்கூடியது ஒன்றைச் சொல்கிறேன். பெர்மாங்கனேட் டைட்ரேஷனில் முதல் துளியின் நிறம் போகச் சற்று நேரமாகும், அடுத்தடுத்த துளிகள் விழுந்தவுடன் மறையும். கவனித்திருப்பீர்கள். வினையில் பிறக்கும் மாங்கனீசு அயனியே வினையை விரைவுபடுத்துகிறது. உப்புப் பகுப்பாய்வு அலமாரியில் மாங்கனீசு சல்பேட் இருக்கும். ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, இரண்டு குடுவைகளில் ஒரே அளவு ஆக்ஸாலிக் அமிலமும் நீர்த்த கந்தக அமிலமும் எடுங்கள். சூடாக்க வேண்டாம். ஒன்றில் மட்டும் மாங்கனீசு சல்பேட் ஒரு சிட்டிகை போட்டுக் கரையுங்கள். இரண்டிலும் பெர்மாங்கனேட் ஒவ்வொரு துளி விட்டு, நிறம் மறையும் நேரத்தைக் கைப்பேசியில் குறியுங்கள். மூன்று முறை செய்யுங்கள். மூன்றும் ஒத்து வராவிட்டாலும் வந்ததை வந்தபடி எனக்கு எழுதி அனுப்புங்கள். அன்றைய அறை வெப்பநிலையையும் குறித்துவிடுங்கள், அது இல்லாமல் அந்த நேரங்களை என்னால் படிக்க முடியாது.