எம்35ஏ2-வுக்கு 12 வோல்ட் ஸ்டார்ட்டர் வேண்டாம்

வணக்கம் சார். அமெரிக்க ராணுவ எம்35ஏ2 லாரியில் ஸ்டார்ட்டர் திணறுகிறது, 12 வோல்ட் மோட்டார் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது 24 வோல்ட் வண்டி, இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்தவை. 12 வோல்ட் மோட்டாருக்காக ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் கரண்ட் எடுத்தால் அது இறங்கும், மற்றது ஓவர் சார்ஜ் ஆகும்.

மோட்டாரைக் கழற்றும் முன் எர்த் கேபிளை, அதாவது பேட்டரி நெகட்டிவை வண்டியோடு இணைக்கும் கேபிளைப் பாருங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் ஓடத் தொடங்காதபடி எஞ்சின் ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்தபடி ஒருவர் ஸ்டார்ட் பட்டனை அழுத்தட்டும். எர்த் கேபிள் மாட்டிய பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே வோல்ட் மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அங்கேதான். எர்த் கேபிளை போல்ட் பிடிக்கும் இடத்தில் பெயின்ட், துருவைச் சுரண்டுங்கள்.

அப்புறமும் மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் 24 வோல்ட்டிலேயே வாங்குங்கள். பினியன் (மோட்டார் முனையிலுள்ள சிறு பல்சக்கரம்) பற்கள், சுற்றும் திசை, போல்ட் துளைகள் மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். பல் பொருந்தாவிட்டால் அது சுழற்றும் ரிங் கியர், அதாவது எஞ்சின் ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பல் வளையம் போய்விடும், அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.