வேம் போட்டும் நார்த்தூள் ஏன் மக்கவில்லை?

கேள்வி: பக்கத்துத் தேங்காய் நார் மில்லிலிருந்து ஒரு டிராக்டர் நார்த்தூள் கொண்டுவந்து கொட்டினேன். உரக்கடையில் சொன்னார்கள் என்று வேம் (VAM) என்ற பூசண உரம் வாங்கிக் கலந்து தண்ணீரும் தெளித்தேன். மூன்று மாதமாகியும் அதே செம்பழுப்பாகக் கிடக்கிறது. கடையில் கொடுத்தது போலியா, ஐயா?
– வாசகர், ஒடுகத்தூர்

பதில்: போலியாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. நல்ல வேம் போட்டிருந்தாலும் நார்த்தூள் மக்கியிருக்காது. இதைச் சொல்லாமல் விற்றதுதான் எனக்கு வருத்தம்.

வேம் என்பது உயிருள்ள வேருக்குள் புகுந்து, செடி தரும் சத்தில் வாழ்கிற பூசணம். பதிலுக்கு, வேர்த்தூவி எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸை) இழுத்துவந்து கொடுக்கும். சாப்பாடு செடியிலிருந்தே கிடைப்பதால் மரச்சத்தைக் கரைக்கும் நொதிகள் அதற்குத் தேவைப்படவில்லை. 2013-ல் இந்த வகைப் பூசணம் ஒன்றின் மரபணுக்களை முழுதாகப் படித்தபோது, செடியின் செல் சுவரை உடைக்கும் நொதிகளுக்கானவை மிகச் சொற்பமாகவே இருந்தன. குளிர்நாட்டுக் காடுகளில் பைன் வேரோடு வாழும் சில காளான்கள் மாங்கனீஸ் பெராக்ஸிடேஸ் என்ற, மரச்சத்தை அறுக்கும் நொதியைச் சுரப்பது உண்மைதான். நம் கத்தரி, நிலக்கடலை வேரில் இருப்பது அந்த வகை அல்ல.

நார்த்தூளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லிக்னின் என்ற மரச்சத்து. அது தாறுமாறான பின்னல், சாதாரண நொதிகளுக்குப் பிடி கொடுக்காது. லாக்கேஸ், பெராக்ஸிடேஸ் போன்ற நொதிகள்தான் அதை ஆக்சிஜனேற்றம் செய்து துண்டுதுண்டாக அறுக்கும். அவற்றைத் தாராளமாகச் சுரப்பது சிப்பிக் காளான்.

ஒரு டன் தூளுக்கு ஐந்து புட்டி சிப்பிக் காளான் வித்து, 5 கிலோ யூரியா. நிழலில் 100 கிலோ தூளைப் பரப்பி ஒரு புட்டி வித்தைத் தூவுங்கள். அதன்மேல் இன்னொரு 100 கிலோ தூள், ஒரு கிலோ யூரியா. இப்படியே மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஈரம் முக்கியம்: கையில் பிழிந்தால் விரலிடுக்கில் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது.

குடியாத்தம் பக்கம் என் தோப்பில் இரண்டு மாதம் கழித்துக் குவியலைக் கிளறினேன். தூள் உதிரவில்லை. வெள்ளை இழை ஓடி, அடை மாதிரி கட்டியாக வந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே கறுப்பு, முதல் மழை மண்ணின் வாசனை. அதுதான் பக்குவம்.

அப்புறம், மீதி வேம் இருந்தால் வீணாக்க வேண்டாம். இலவம்பாடி முள் கத்தரி நாற்றங்காலில், விதைக்குக் கீழே ஓரிரு விரற்கடை ஆழத்தில் போடுங்கள், முளைத்த வேர் அதைத் தொட்டுக்கொண்டே இறங்கும். அந்தப் பாத்தியில் மணிச்சத்து உரமான டிஏபியை மட்டும் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி பூசணத்தை அவ்வளவாகச் சேர்த்துக்கொள்ளாது.