கரன்ட் மெஷின் வெச்சா இடுப்பு வலி தீருமுங்களா?

கேள்வி: வணக்கமுங்க டாக்டர். சோமனூர் பக்கம் 25 வருசமா தறி ஓட்டறனுங்க, வயசு 51. ஷிப்டு பூரா நிக்கறது, பாவு நூல் சுத்துன பீம் உருளைய தூக்கறதுன்னு நாலு வருசமா இடுப்பு வலி, கால்ல எறங்கலைங்க. மாப்ள ஆன்லைன்ல டென்ஸ் மெஷின், அதாவது தோல் மேல பேட் ஒட்டி லேசா கரன்ட் குடுக்கறது, வாங்கிக் குடுத்தாரு, ஒட்டுனா சொகமா இருக்குது, கழட்டுனா ஒரு மணி நேரத்துல பழையபடி ஆயிருது. முதுகுக்குள்ளயே மெஷின் வெச்சுட்டா ஒரேயடியா தீரும்னு ஒருத்தர் சொல்றாரு, ரெண்டு தறிய வித்து வெச்சுக்கலாமுங்களா?

பதில்: தறிய விக்காதீங்கண்ணா, மொதல்ல அத சொல்லிடறேன்.

அடிபட்ட எடத்த கையால தேச்சா வலி கொறையுதுல்லீங்க, டென்ஸும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1965ல மெல்சாக், வால்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க சொன்ன விசயம், தொடு உணர்ச்சி அதிகமா போனா தண்டுவடத்துல வலிக்கான கதவு கொஞ்சம் சாத்திக்குது, மெஷின நிறுத்துனா கதவு தொறந்துக்குது. அதனால உங்களுக்கு நடக்கறதுல அதிசயம் இல்லீங்க, அது வலியத்தான் மறைக்குது, இடுப்புக்கு பலம் குடுக்கறதில்ல. 2023ல உலக சுகாதார நிறுவனமும் நாள்பட்ட இடுப்பு வலிக்கு டென்ஸ வழக்கமான சிகிச்சையா குடுக்க வேண்டாம்னுதான் சொல்லிருக்கு, உடற்பயிற்சியத்தான் செய்யச் சொல்லுது.

வாங்குனத வீசவும் வேணாம். தைலம் தேச்ச முதுகுல பேட் ஒட்டாதுங்க, சோப்பு போட்டு கழுவி ஈரம் தொடச்சுட்டு, வலிக்கிற எடத்துல முதுகுத்தண்டுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டுங்க, எறும்பு ஊர்ற மாதிரி இருந்தா போதும், சதை துடிக்கற அளவுக்கு ஏத்தாதீங்க. அந்த சொகத்துலயே படுத்துக்காம எந்திரிச்சு நடங்க, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தர பயிற்சிய அப்பவே செஞ்சுருங்க, நான் மெஷினுக்கு குடுக்கற மரியாதை அவ்வளவுதான்.

உள்ள வெக்கறது வேற சமாச்சாரமுங்க. தண்டுவடத்துக்கு பக்கத்துல ஒயர், தோலுக்கடியில பேட்டரி, லட்சக்கணக்குல செலவு. முதுகு ஆபரேசனுக்கு அப்புறமும் காலுக்கு நரம்பு வலி எறங்கி, வேற எதுக்கும் கேக்காதவங்களுக்குத்தான் பெரும்பாலும் யோசிப்பாங்க, அதுவும் சில நாள் ஒயர மட்டும் வெச்சுப் பாத்து வலி பாதியாவது கொறஞ்சாத்தான். ஒயர் நகரலாம், சீழ் புடிக்கலாம், பேட்டரி மாத்த வேண்டி வரலாம். வெறும் இடுப்பு வலிக்கு நீண்ட நாள் பலன் இருக்குன்னு ஆய்வுகள்ல உறுதியாகலீங்க. உங்க நெலமைக்கு இது வேண்டாமுங்க.

பீம ஒத்தையா தூக்காதீங்க, இன்னொருத்தர கூப்புடுங்க. ஒண்ணுக்கு, ரெண்டுக்கு அடங்காம போனாலோ, உக்கார்ற எடம் மரத்துப் போனாலோ, கால் பலம் கொறஞ்சாலோ அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு போயிருங்க. அப்பறம், நெஞ்சுல பேஸ்மேக்கர் வெச்சவங்க, மாசமா இருக்கற பொண்ணுங்க யாரும் உங்க மெஷின ஒட்டிப் பாக்கறேன்னு கேட்டா குடுத்துராதீங்கண்ணா.