ஹெட்டைக் கழற்றும் முன்

கேள்வி: அண்ணா, 2012 மாடல் ஹீரோ இம்பல்ஸ் பைக்கைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மலைப்பாதை, செம்மண் தடம் என்று ஓட்டுகிறேன். இப்போது ஆக்சிலரேட்டரைத் திருகினால் நீலப் புகை. ஏற்றத்தில் இழுவை இல்லை, ஆயிலும் சீக்கிரம் குறைகிறது. ஒர்க்‌ஷாப்பில் முழு எஞ்சின் வேலை என்கிறார்கள். வீட்டிலேயே செய்ய முடியுமா?
– கல்லூரி மாணவர், போடிநாயக்கனூர்

பதில்: முடியும் தம்பி. ஆனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறங்கள். அங்கிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சிவந்தால், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உங்கள் ரிங்கைத் தின்றது அந்த மண்தான். குழாயில் வெடிப்பு இருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா, ஃபில்டர் விளிம்பு டப்பாவில் ஒட்டி உட்காருகிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். இதை விட்டுவிட்டுப் புது பிஸ்டன் போட்டால் அதுவும் சீக்கிரமே புகைக்கும். மண்ணில் ஓடிய எத்தனையோ எஞ்சின்கள் இப்படி இரண்டாவது முறையும் பிரிபடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். எஞ்சின் சூடாக இருக்கும்போது பிளக் துளையில் கேஜ் மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றுங்கள். அளவைக் குறித்துக்கொண்டு, அதே துளையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங்கோ போரோ (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வைச் சந்தேகப்படுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகைந்து நின்றுவிட்டால் அது பெரும்பாலும் வால்வ் சீல் கோளாறு. உங்களுக்குத் திருகும்போதெல்லாம் புகைவதால் ரிங் மீதுதான் என் சந்தேகம்.

ரிங்தான் என்று தெரிந்தால் ஹெட்டை, அதாவது சிலிண்டரின் மேல்பகுதியைக் கழற்ற வேண்டும். அதற்கு முன், மேக்னெட் பக்க மூடியில் உள்ள துளை வழியாக, பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் ‘டி’ குறியைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, வால்வை அழுத்தும் இரண்டு ராக்கரும் லேசாக ஆடுகின்றனவா என்று பாருங்கள். ஆடவில்லை என்றால் இன்னொரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் வால்வைத் திறக்கும் கேம் ஒரு சுற்று சுற்றும். டைமிங் செயினை ஸ்ப்ராக்கெட்டிலிருந்து எடுத்ததும் கட்டுக்கம்பியால் ஃபிரேமில் கட்டிவிடுங்கள். பிளாக்கை (சிலிண்டரை) தூக்கியவுடன் கிராங்க் கேஸின் வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள். பிஸ்டன் பின்னின் லாக் உள்ளே விழுந்தால், ஒரு நாள் வேலை ஒரு வார வேலையாகிவிடும்.

இப்போது கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக அசையுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் நகரும், அது இருக்கத்தான் வேண்டும். மேலும் கீழும் துளி ஆட்டம் இருந்தாலும் வீட்டு வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்து, மறுபடி சேர்த்து, டயல் கேஜ் வைத்து நேர் பார்ப்பது அனுபவமுள்ள பட்டறைக்கான வேலை.

ஆட்டம் இல்லையா? நல்லது. பிளாக்கோடு லேத்துக்குப் போங்கள். போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். இந்த எஞ்சினின் போர் விட்டம் 57.3 மி.மீ. தேய்மானம் மேனுவலில் உள்ள எல்லையைத் தாண்டியிருந்தால் 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். பிஸ்டன் கிட்டை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்து, அந்த பிஸ்டனின் அளவுக்குச் சிலிண்டரைக் குடைந்து போர் போடச் சொல்லுங்கள். பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பிப் போர் போடும் லேத்திலிருந்து பிளாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

போர் போட்டு வந்த பிளாக்கைப் பெட்ரோலில் அலசினால் போதாது. சிலிண்டரின் உட்சுவரைத் தேய்க்கும் ஹோனிங் கல்லின் பொடி கீறல்களுக்குள் தங்கி, உப்புத்தாள் மாதிரி புது ரிங்கைத் தேய்க்கும். வெந்நீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, பிரஷ் மூன்றும் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பு வராத வரைக்கும் தேயுங்கள். பிறகு உடனே ஆயில் பூசுங்கள், இல்லாவிட்டால் துரு பிடித்துவிடும்.

மாட்டும்போது ரிங்கில் எழுத்துள்ள பக்கம் மேலே, பிஸ்டனின் ‘ஐஎன்’ குறி கார்புரேட்டர் பக்கம். ரிங் வாய்கள் ஒன்றுக்கு நேராக ஒன்று வரக்கூடாது. பின் லாக் கண்டிப்பாகப் புதிதாக இருக்க வேண்டும். ஹெட்டைக் கழற்றியிருப்பதால் வால்வ் சீலையும் மாற்றிவிடுங்கள். போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி, வால்வ் ஓரத்தில் கசிந்தால் மட்டும் பேஸ்ட் போட்டு கிரைண்டிங் செய்யுங்கள். எல்லாம் மாட்டியபின் கையால் கிராங்கை மெதுவாகச் சில சுற்று சுற்றுங்கள். எங்காவது முட்டினால் அழுத்தாதீர்கள், டைமிங்கைத் திரும்பப் பாருங்கள்.

ஓடவிட்டு, முழுக்க ஆறியபின் டேப்பட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் இருப்பது) சரிபாருங்கள். 100 கி.மீ.க்குள் முதல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் விலை அதிகம். கை அளவிலேயே போல்ட்டை முடுக்கினால் என்ன?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: அலுமினியத்தில் மரை போய்விடும். எஞ்சின் மூடிகளில் இருக்கும் 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான் தேவை, நீள ஸ்பேனரில் கை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று சுற்றாக, ஒரே அளவில் இறுக்க வேண்டும். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஓர் எஞ்சினைப் பிரித்து மாட்டிப் பார்க்க வேண்டும் என்கிறாள். எதைக் கொடுக்கலாம்?
– தாய், ஈரோடு

பதில்: ரொம்ப சந்தோஷம் அம்மா. பழைய ஸ்ப்ளெண்டர் எஞ்சின் ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். 97.2 சிசி, ஒற்றை சிலிண்டர், இரண்டே வால்வ், பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். முதலில் ஆயிலை வடித்துவிட்டு மண்ணெண்ணெயில் வெளிப்புறத்தைக் கழுவச் சொல்லுங்கள். பெரிய அட்டையில் எஞ்சினின் படத்தை வரைந்து, கழற்றும் போல்ட்டை அந்தந்த இடத்திலேயே குத்தி வைக்கட்டும், ஏனென்றால் நீளம் மாறினால் மாட்டும்போது கேஸ் உடையும். மேக்னெட்டைக் கழற்ற அதற்கான புல்லரை (இழுத்துக் கழற்றும் கருவி) வாங்கிக் கொடுங்கள். சுத்தியல் வேண்டாம்.